தண்ணீர் வரும் நாளில் தெய்வகனி அழக் கூடாது

தெய்வகனிக்கு மூக்கு நரம்பை வெட்டிய பிறகு, அவளுடைய கண்ணீர் அவள் கண்ணில் வராமல் ஊருணிக்கரைத் தெருமுனையில் இருக்கும் குழாயில் வரத் தொடங்கியது. அந்தத் தெருவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுவார்கள் என்பதாலும், அப்படி விடுகிற தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டுமே காணும் என்பதாலும், இது தெருவில் எல்லாரையும் பாதிக்கிற விஷயமாக இருந்தது. அவளை என்ன செய்தது என்று அவளைப் பெற்ற அய்யாவைத் தவிர யாரும் கேட்கவில்லை.

காலண்டர் அடிக்கிற அச்சாபீசில் அவளுக்குச் சரிபார்க்கும் மேசையில் வேலை. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒரே படத்தை நான்கு தடவை அடிப்பார்கள். நான்கும் ஒன்றின்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் முருகனுக்கு ஒரு கண்ணில் இரண்டு கருவிழி வந்துவிடும். மற்றவர்கள் லென்சை வைத்துக் குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற விலகலைத் தெய்வகனி தாளைப் புரட்டுகிற வேகத்திலேயே பார்த்து இழுத்துப் போட்டுவிடுவாள். ஆனால் தாள் தூசியும், அச்சடித்த தாள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவுகிற மாவும் அவள் மூக்குக்கு ஆகவில்லை. காலையில் மேசைக்கு வந்ததும் தொடங்குகிற தும்மல் சாப்பாட்டு நேரத்தில்கூட நிற்காது, மூக்கில் ஒழுகுவது முந்தானைக்கும் அடங்காது. ஐப்பசி மாதம், வேலை மும்முரமாக இருந்தபோது, ஒரு லட்சுமி படத்துக்கட்டின்மேல் அவள் தும்மியதில் மேல்தாள் வீணாகி, "சாமிக்கு அபிஷேகம் பண்ணியாச்சா தெய்வகனி?" என்று போர்மேன் கேட்க, பைண்டிங் பகுதி வரைக்கும் சிரித்தார்கள்.

மதுரையில் மூக்கு டாக்டர் ஒருவர் படம் வரைந்து காட்டினார். மூக்குக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, அதுதான் ஓயாமல் நீர் சுரக்கச் சொல்கிறது, அதை வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்றார். அதே நரம்பிலிருந்து ஒரு கிளை கண்ணுக்கும் போவதால் கண் கொஞ்ச நாளைக்கு வறட்சியாக இருக்கலாம், சொட்டு மருந்து தருகிறேன், பழகிவிடும் என்றும் சொன்னார். அவர் எல்லாவற்றையும் சொன்னார் என்பது உண்மைதான். தெய்வகனியின் காதில் விழுந்தது நின்றுவிடும் என்பது மட்டும்.

நின்றுவிட்டது. மூக்கு அவளுடைய மூக்கு மாதிரியே இல்லை, வாடகைக்கு வந்த நல்ல குடித்தனக்காரர் போலச் சத்தமில்லாமல் இருந்தது. ஆனால் விடிந்ததும் கண் திறக்கவில்லை. இமை கருவிழியோடு மைதாப் பசை காய்ந்த தாள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது; மெல்லப் பிரித்தால் உள்ளே மணல். பார்க்கிற முகத்துக்கெல்லாம் பின்னால் இன்னொரு முகம் வேறு நிறத்தில் விலகி நின்றது. மருந்து விட்டால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி விலகும். சரியாக அடித்த தாளையெல்லாம் அவள் தப்பு என்று இழுத்துப் போட்டாள், தப்பானதை விட்டுவிட்டாள், காளை வாகனத்துக்கு மூன்று கொம்போடு ஒரு கட்டு முழுதும் வெளியே போய்த் திரும்பி வந்தது. அவளைக் காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே கண் தேவையில்லை, கைதான் தேவை என்று போர்மேன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, சுவரோடு உட்கார்ந்து அழப் பார்த்தாள். தொண்டை அடைத்தது, உதடு கோணியது, நெஞ்சு ஏறி இறங்கியது, அழுகைக்கு வேண்டிய எல்லாம் வந்தன, தண்ணீர் மட்டும் வரவில்லை. கண் எரிந்தது. அந்த நேரத்தில் தெருமுனைக் குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற பாக்கியத்தாய், குடம் நிறைகிற வரைக்கும் பொறுக்காமல் ஒரு கை பிடித்துக் குடித்தவள், காறித் துப்பினாள்.

"உப்பா கரிக்கு."

குழாய்க்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ரத்தினவேல் அண்ணாச்சி வந்து குடித்துப் பார்த்தார். அவரும் துப்பினார். வெதுவெதுப்பாகவும் இருக்கிறதே என்றார். அடுத்த தெருவில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அங்கே நல்ல தண்ணீர்தான் வருகிறது என்றார்கள். இருட்டுவதற்குள் தெருவே வெறுங்குடத்தோடு நின்றது.

பாக்கியத்தாய் தெய்வகனிக்கு அடுத்த வீடு. தெய்வகனியின் வீட்டுக்காரன் குருநாதன் பாக்கியத்தாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்பதால் தெய்வகனி அவளை மதினி என்பாள். தண்ணீர் கரித்த செய்தியைச் சொல்ல வந்த மதினி, தெய்வகனி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்து, "தகரம் அடிச்சா என்ன, தங்கம் அடிச்சா என்ன, விடுத்தா" என்று சொல்லச் சொல்ல, வெளியே அண்ணாச்சி சத்தம் கேட்டது: "ஏ, நல்ல தண்ணி வருது, ஓடியாங்க!"

பாக்கியத்தாய் கையை எடுத்தாள். தெய்வகனிக்கு மறுபடி அழுகை முட்டியது. வெளியே, "அய்யய்யோ, மறுபடி கரிக்கே!" என்றார்கள். பாக்கியத்தாய் தன் கையைப் பார்த்தாள், தெய்வகனியைப் பார்த்தாள், வாசலுக்குப் போய் நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணாச்சி, இப்ப எப்படி இருக்கு?"

"உப்பு!"

உள்ளே வந்து தடவினாள். "இப்ப?"

"கொறையுது!"

"ஏத்தா, உங்க ஆத்தா செத்த அன்னைக்கு நீ ரொம்பச் சின்னப் பிள்ளையாமே?" என்று கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "இப்ப?"

"தூ! கடல்தான்!"

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மறுநாள் நகராட்சியிலிருந்து வந்த ஒருவர் குழாயைத் தட்டிப் பார்த்து, வால்வைத் திருகிப் பார்த்து, விவரம் கேட்டுக்கொண்டு, "பைப் உடைஞ்சா நாங்க பார்ப்போம். கண்ணீர்னா எங்க டிபார்ட்மெண்டு இல்லம்மா" என்று சொல்லி, அண்ணாச்சி கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார். அது நியாயமாகத்தான் பட்டது. தெரு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது.

முதலில் வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்கள். தெய்வகனி வெங்காயம் உரித்தால் வெறும் நாளிலும் குழாய் சொட்டியது என்பதால், அவள் வீட்டு வெங்காயத்தை முறைவைத்து மற்ற வீட்டுக்காரிகள் உரித்துக் கொடுத்தார்கள். தண்ணீர் வரும் நாளில் அவள் வீட்டில் டிவி போடக் கூடாது, சீரியலில் யாராவது செத்துவிடுவார்கள். குருநாதன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவன். அண்ணாச்சி அவனைக் கடைக்குக் கூப்பிட்டு, "சண்டை போடணும்னா தண்ணி நின்னப்புறம் போடு தம்பி, நாங்க வேண்டாம்னு சொல்லல" என்றார். தண்ணீர் வருகிற நாளில் செல்போன் அவளிடம் இருக்கக் கூடாது, போனில் என்ன சேதி வரும் என்று யாருக்குத் தெரியும், அதனால் காலையிலேயே பாக்கியத்தாய் வந்து அதை வாங்கி அண்ணாச்சி கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். தண்ணீர் விட்டதும் அண்ணாச்சி ஒரு டம்ளர் பிடித்து, வாயில் சுழற்றி, கண்ணை மூடி நின்று, "நல்லாருக்கு" என்று சொன்ன பிறகுதான் முதல் குடம் வைக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. அவள் குழாய்ப் பக்கமே வர வேண்டாம், அலைச்சலும் வெயிலும் அவளுக்கு ஆகாது என்று அவளுடைய குடங்களை அவர்களே நிரப்பிக்கொண்டுவந்து வைத்தார்கள். அவளோடு உட்கார்ந்து சிரிப்பு மூட்ட இரண்டு பெண்களை ஏற்பாடு செய்தார்கள். ஆடி வெள்ளிக்குக் குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். தெய்வகனிக்கு வைக்கவில்லை.

இத்தனையும் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கோபப்பட ஆள் அகப்படவில்லை. கண் எரிகிறது என்றால், "பொறுத்துக்கோத்தா, வருத்தப்படாதே, தண்ணி வர்ற நேரம்" என்றார்கள். எதிரில் பஸ் வருவதே ரெண்டாகத் தெரிகிறது என்றால், "சந்தோசமா இரு, எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். கோபம் வந்தாலும் குழாய் லேசாகக் கரித்தது என்பதால் அதையும் அவர்கள் கவனித்துவந்தார்கள்.

"என் கண்ணீருய்யா. என் கண்ணுல வராம அவங்க குடத்துல வருது. நான் என்ன பண்ண?" என்று அவள் அய்யாவிடம் சொன்னாள்.

அவளுடைய அய்யா தவசிலிங்கம், பஸ்ஸில் ஒருமணி நேரத் தொலைவில் செம்பூரணியில் மகன் செல்லப்பாவோடு இருந்தார். மின்சார வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். எதைப் பார்த்தாலும் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்பவர். அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது அவர்தான். கண் டாக்டர் ஓரம் மடித்த ஒரு சின்னத் தாளை அவளுடைய கீழிமைக்குள் செருகித் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். மையொற்றும் தாளை இவ்வளவு நேர்த்தியாக யார் வெட்டுகிறார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நனைந்திருந்தாலும் போதும் என்றார் டாக்டர். எடுத்துப் பார்த்தபோது தாள் கட்டிலிருந்து அப்போதுதான் உருவியது போல இருந்தது.

"இப்படியே காஞ்சுக்கிட்டுப் போனா கருவிழி புண்ணாயிரும்மா. புண்ணு ஆறி வெள்ளையா தழும்பு விழுந்தா பார்வை போயிரும். சொட்டு மருந்த மணிக்கொரு தடவை விடணும், படுக்கறப்ப களிம்பு போடணும்."

"நரம்ப ஒட்டவைக்க முடியாதா சார்?" என்றார் அய்யா. "வயரெல்லாம் ஒட்டுறோமே."

"வெட்டினது வெட்டினதுதான். சில பேருக்குத் தானா வளரும்."

"வளர்ற வரைக்கும்?"

டாக்டர் சொட்டு மருந்தின் பெயரை எழுதினார்.

வெளியே வந்ததும் அய்யா அவளோடு தெருவுக்கு வந்து, குழாயடியில் குனிந்து, சொட்டிக்கொண்டிருந்ததை விரலில் ஏந்தி நக்கிப் பார்த்தார். அன்று அவள் மனம் விட்டுப்போயிருந்ததால் அது நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கயோ மாத்திக் கோத்துட்டானுக" என்றார் அய்யா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இத எடுத்துக் கண்ணுல விட்டுக்கோயேன். உன்னோடதுதானே" என்றார்.

"தெருவே வாய் வைக்கிற கொழாய்யா. எல்லாரும் பார்ப்பாங்க. நான் அங்க போனாலே பதறுதாங்க."

"பதறட்டும்."

அவள் போகவில்லை. வெட்கமாக இருந்தது. அய்யா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வார். சாப்பிட்டியா என்றோ மாப்பிள்ளை எப்படி என்றோ கேட்க மாட்டார்.

"கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"இல்லய்யா."

"வரும்" என்று சொல்லி வைத்துவிடுவார். அவருக்கு அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. மின்சாரம் போன வீடுகளில் நின்று அவர் பணிக்காலம் முழுதும் சொல்லிவந்த சொல் அது.

புரட்டாசியில் ஒரு தண்ணீர் நாள். காலையில் வழக்கம்போல் போன் அண்ணாச்சி கடைக்குப் போயிற்று. தண்ணீர் விடுவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஒரு கையில் ருசி பார்த்த டம்ளரும் ஒரு கையில் போனுமாக அண்ணாச்சி நின்றார். செல்லப்பா பேசினான். அய்யா காலையில் பல் விளக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்தவர் போய்விட்டார் என்றான். தங்கச்சியிடம் கொடுங்கள் என்றான்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. "இந்தா கூப்பிடுதேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, வரிசையைப் பார்த்தார். குடங்கள் ஊருணி மேடு வரைக்கும் நின்றன. போன தடவை மோட்டார் பழுது என்று தண்ணீர் விடவில்லை. வீடுகளில் ஒரு சொட்டு கிடையாது. அவர் பாக்கியத்தாயைக் கூப்பிட்டுச் சொன்னார். பாக்கியத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். குருநாதனுக்குப் போட்டார்கள், அவன் தூத்துக்குடிப் பாதையில் லோடோடு போய்க்கொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டினான். பிறகு, "தண்ணி எப்ப நிக்கும்?" என்று கேட்டான்.

"ஒருமணி நேரத்துல நின்னுரும்."

"நின்னப்புறம் சொல்லுங்க. நான் வண்டிய இறக்கிட்டு நேரா செம்பூரணி வந்துருதேன்."

ஒருமணி நேரம்தானே என்று எல்லாரும் நினைத்தார்கள். செல்லப்பாவுக்கு, சொல்லியாச்சு, கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று தகவல் போயிற்று. ஆனால் அன்று தண்ணீர் நிற்கவில்லை. மேற்கே மழை பெய்து நீர்த்தேக்கம் நிறைந்திருந்ததாம். குடங்கள் நிறைந்தன, பிளாஸ்டிக் டிரம்கள் நிறைந்தன, பிறகு குத்துப்போணி, அண்டா, சட்டி, கல்யாணத்துக்கு மட்டும் இறக்குகிற தவலை, குக்கர், கடைசியில் ஈயப்பாத்திர மூடிகள் வரைக்கும் கொண்டுவந்தார்கள். இன்னொரு நடை எடுத்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். இப்படித் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை. இவ்வளவு இனிப்பாகவும் வந்ததில்லை, ஏனென்றால் தெய்வகனியோடு அன்று இரண்டு பேருக்குப் பதில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியத்தாய், தன் கொழுந்தன் மாப்பிள்ளை அழைப்பில் குதிரையிலிருந்து விழுந்து, எழுந்து, அவசரத்தில் வேறு மண்டபத்துக்குள் போய் மணமேடையில் உட்கார்ந்த கதையை நடித்துக் காட்டினாள். ஏன் எல்லாரும் இவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள் என்று தெய்வகனிக்கு ஆச்சரியமாக இருந்தது. தும்மல் நின்ற பிறகு அவள் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான்.

செம்பூரணிப் பக்கத்தில் செத்தவரைக் குளிப்பாட்டப் பிள்ளைகள்தான் தண்ணீர் எடுத்துவர வேண்டும். மகனும் மகளும் ஆளுக்கொரு குடத்தோடு கிணற்றுக்குப் போய், தலையில் ஊற்றிக்கொண்டு, நிறைகுடத்தைச் சுமந்து, நாலுபேர் தூக்கிப்பிடித்த வேட்டிக்குக் கீழே நடந்து வருவார்கள். நீர்மாலை என்று அதற்குப் பெயர். அவளுக்காக உச்சிவரைக்கும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது, பெரியவர்கள் செல்லப்பாவிடம் இனியும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். செல்லப்பா மட்டும் போய் எடுத்துவந்தான்.

பிற்பகலில் குழாய் இருமி நின்றது. பாக்கியத்தாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏத்தா, ஒண்ணு சொல்லணும். பதறக் கூடாது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சொல்லி முடிப்பதற்குள்ளேயே, பாக்கியத்தாய் கழுத்தைத் திருப்பி வாசல்வழியாகத் தெருமுனையைப் பார்த்தாள். பழக்கம்தான். தெய்வகனி அதைப் பார்த்தாள். தொண்டைவரைக்கும் வந்திருந்த அழுகை அங்கேயே நின்றது.

"எப்ப போன் வந்துச்சு?"

"தண்ணி விட்ட நேரம்."

தெய்வகனி எழுந்தாள். வீடு முழுக்கப் பாத்திரங்கள். அவளுடைய பங்கை அவர்கள் ஒன்றும் குறைக்கவில்லை. கால் வைக்க இடமில்லாமல் தண்ணீருக்கு நடுவில் நடந்து வெளியே போனாள்.

செம்பூரணியில் வீடு கழுவி விட்டிருந்தார்கள். குருநாதன் முற்றத்தில் நின்றான், அவளை நேராகப் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்க்க அய்யாவின் முகம் இல்லை. அவள் எடுக்க வேண்டிய குடத்தைச் செல்லப்பா சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தான்.

"தண்ணி பிடிச்சிக்கிட்டு இருந்தியாமே?" என்று செல்லப்பா கேட்டான்.

வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். தெய்வகனிக்குக் கண் எரிந்தது, இமை ஒட்டியது, தாள் போலக் காய்ந்த கண்ணோடு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, டவுனுக்குப் போய்விட்டால் நெஞ்சும் இப்படி ஆகிவிடும்போல என்று யாரோ சொன்னதும் அவள் காதில் விழுந்தது. சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொண்டாள். அதையும் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்துவந்தாள்.

தெருவில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் குழாயைப் பார்த்தார்கள். குழாய் சொட்டவில்லை. மறுநாளும் சொட்டவில்லை. அப்பன் செத்த பெண் வீட்டுக்குள் இருக்கிறாள், குழாயின் வாய் காய்ந்து துருவேறிக் கிடக்கிறது. அண்ணாச்சி பலதடவை போய் விரலை வைத்துப் பார்த்தார். "தேறிட்டா" என்றார் ஒருத்தர். "இது தேறினது மாதிரி தெரியல" என்றாள் பாக்கியத்தாய். வெங்காயம் உரித்துத்தர வந்தவர்களைத் தெய்வகனி வேண்டாம் என்று அனுப்பினாள். தானே உரித்தாள். வீட்டிலிருந்து நெடி வந்தது, குழாயில் ஒன்றும் வரவில்லை. உப்பை விட இது அவர்களைப் பயமுறுத்தியது. குருநாதன் வாசலிலேயே படுத்தான். ஒருநாள், "நான்தான் நின்னப்புறம் சொல்லச் சொன்னேன்" என்றான். "தெரியும்" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று அவன் அண்ணாச்சியிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் அடிக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த தண்ணீர் நாளில், போனை வாங்கப் பாக்கியத்தாய் வரவில்லை, வரத் துணியவில்லை. அண்ணாச்சி ருசி பார்த்து, "நல்லாருக்கு" என்றார். அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் தெய்வகனி குடத்தோடு தெருவில் வந்தாள். அவள் தண்ணீர் பிடிக்க வந்து ஏறக்குறைய வருஷமாகியிருந்தது. வெயில் கண்ணில் குத்த, இமைகளைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொருத்தருக்குப் பின்னாலும் விலகி நின்ற இன்னொருத்தரைக் கடந்து நடந்து வந்து, வரிசையில் நின்றாள்.

"நீ எதுக்குத்தா வர்ற, நாங்க கொண்டாந்து தர மாட்டமா?" என்றார்கள்.

"எங்க அய்யாவுக்குத் தண்ணி எடுக்கணும்" என்றாள்.

முன்னால் நின்றவர்கள் நல்ல தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சீக்கிரமாக விலகினார்கள். அவளுடைய முறை வந்தது. குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள், வைத்து நிமிரும்போது தண்ணீரின் சத்தம் மாறியது. ஆவி பறக்கவில்லை, ஆனால் வெதுவெதுப்பு பக்கத்தில் நின்றவர்களின் காலில் பட்டுத் தெரிந்தது. மெல்லிசாக வந்துகொண்டிருந்த தண்ணீர் குழாயின் வாய் கொள்ளாமல் வந்தது. குடம் நிறைந்தது. அதைத் தூக்கி, சிந்தாமல், வரிசைக்கு வெளியே நிழலில் இறக்கி வைத்துவிட்டு, திரும்பி வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நல்ல தண்ணி இப்படிப் போகுதே" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். அண்ணாச்சி, அந்தக் குதிரை மாப்பிள்ளைக் கதையை யாராவது சொல்லுங்களேன் என்பது போல் பாக்கியத்தாயைப் பார்த்தார். பாக்கியத்தாய் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

தெய்வகனி தலையைச் சாய்த்து ஒரு கண்ணைக் குழாய்க்குக் கொடுத்தாள். பிறகு மறு கண்ணை. சேலை நனைந்தது, தலை நனைந்தது, தெரு பார்த்துக்கொண்டிருந்தது. எரிச்சல் முதலில் கூடியது. பிறகு, பசையில் ஊறிய தாள் தானாகப் பிரிந்துவருவது போல இமை கருவிழியை விட்டுப் பிரிந்தது. தண்ணீர் உள்ளே போயிற்று. அதன் உப்பு கண்ணுக்குத் தெரிந்த உப்பாக இருந்தது. அவளுடைய வாயிலிருந்து சத்தம் வந்தது; வெகுநாள் வெறும் சத்தமாகவே இருந்த அழுகை இன்று நனைந்து வந்தது. அண்ணாச்சி கடையில் தொங்கிய காலண்டரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் மேல் சிவப்பு, சிவப்பு மேல் நீலம், நீலம் மேல் கறுப்பு, ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது; முருகனுக்கு ஒரு கண்ணில் ஒரே கருவிழிதான் இருந்தது. அப்படியே திரும்பி வரிசையைப் பார்த்தாள். எல்லாரும் ஒவ்வொருத்தராக நின்றார்கள். வெறுங்குடங்கள் ஊருணி மேடு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தன.

அடுத்த முறை பாக்கியத்தாயுடையது. குடத்தை இடுப்பிலிருந்து கீழே இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்த்தா ஆகும்?" என்று கேட்டாள்.

"தெரியாது மதினி" என்று சொல்லித் தெய்வகனி மறுபடி குழாய்க்குக் குனிந்தாள். "இப்பத்தான் வந்திருக்கு."